அயோவா ஓக் மரத்தில் ஒரு சிவப்பு கிளிப்

ரீஜிஸ் கொவால்சிக் கோபப்பட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. பள்ளிப் பேருந்துப் பட்டறையில் மெக்கானிக். ஜனவரி மாதம் பேருந்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பான், சாலைப் பனிக்குத் தூவின உப்புத் தண்ணீர் முகத்தில் சொட்டும், அப்போதும் ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. "இந்த மனுஷனுக்கு ரத்தத்துக்குப் பதிலா கியர் ஆயிலா ஓடுது?" என்று அவன் பெண்டாட்டி மார்சி ஊர்த் தீயணைப்புத் தொண்டர் மன்றத்து விருந்துகளில் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

அப்படிப்பட்டவனுக்கும் ஒரு பைத்தியம் இருந்தது. மேற்குப் பென்சில்வேனியாவில் மான் பைத்தியம் இல்லாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதைச் சொல்லவில்லை. ரீஜிஸின் பைத்தியம் ஊர் மானோடு நிற்கவில்லை. அயோவா மாநிலத்தில், பொது நிலத்தில், நவம்பர் முதல் பாதியில், கலைமான்கள் பெட்டை மானைத் தேடி வெறி பிடித்து அலைகிற அந்த நாட்களில், ஒரு குறிப்பிட்ட ஓக் மரத்தில் வில்லோடு உட்கார வேண்டும். அதுதான் ஆசை. ஒரே ஒரு முறை போதும்.

அந்த மரத்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான். பழைய பேருந்து ஏலம் ஒன்றுக்காகப் பட்டறையில் அவனை அயோவாவுக்கு அனுப்பியிருந்தார்கள். பனி உருகும் சமயம். ஏலம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மற்றவனாயிருந்தால் மதுக்கடைக்குப் போயிருப்பான், இவன் பக்கத்திலிருந்த அரசு வேட்டைக்காட்டுக்குள் நடந்தான். சோளக் கொல்லை முடிந்து ஓடை வளைகிற இடம். ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம், மறுபக்கம் ஓடை. நடுவே மான் போவதற்கு ஒற்றை வழிதான், வேறு போக்கில்லை. வழி நெடுக மரப்பட்டைகள் கொம்பு உரசி உரிந்து கிடந்தன, அதுவும் அவன் தொடை பருமன் மரங்கள். நடுவில் அந்த ஓக். ரீஜிஸ் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். தேவாலயத்தில்கூட அவன் அப்படி நின்றதில்லை என்று மார்சி சொல்வாள்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரே ஒருவனிடம் சொன்னான். வெர்ன் பாஸ்டோரெக்கிடம்.

இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம். முப்பது வருஷமாக ஒருவன் அடித்த மானை மற்றவன் காட்டிலிருந்து இழுத்துக் கொடுத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. மானை அடித்தவன் போன் செய்தால் கேள்வி கேட்கக்கூடாது. சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பு, காய்ச்சலோ மழையோ, போய் இழுத்துக் கொடு. இந்த இருவரும் ஒருவர் போனை மற்றவர் ஒருமுறைகூட அடித்து ஓய விட்டதில்லை. மார்சியின் அண்ணன் கல்யாணத்தில் கோட்டு சூட்டோடு எழுந்து போனான் ரீஜிஸ். அந்தச் சண்டை ஓய ஒரு வருஷம் ஆயிற்று.

இன்னொரு முறையும் உண்டு. பொது நிலத்துக்கு யாரும் பட்டா வைத்திருக்கவில்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஒருவன் தன் கால் தேய நடந்து கண்டுபிடித்த இடத்தை உன்னை நம்பிக் காட்டினான் என்றால், அவன் இல்லாமல் நீ அங்கே கால் வைக்கக்கூடாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும்.

மறு வசந்தத்தில் வெர்னைக் கூட்டிப் போய்க் காட்டினான். வெர்ன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அடப்பாவி, இது மரமாடா? சிம்மாசனம்டா!"

"நான் இதுல. நீ ஓடைக்கு அந்தப் பக்கம், அந்த எல்ம் மரத்துல. காத்து மேற்கேருந்து அடிச்சா மட்டும்தான் உள்ள வரணும். இல்லேன்னா மான் மோப்பம் புடிச்சுரும், ரூம்லயே படுத்துத் தூங்கு."

"சரிங்க துரை," என்றான் வெர்ன். வரும் வழியில் அடையாளத்துக்கு அவன் கிளைகளில் மாட்டியிருந்த மரக் கிளிப்புகளைத் திரும்பும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். துணி உலர்த்தும் கிளிப்தான், அவன் பெண்டாட்டி பெர்னியுடையது. தலையை மட்டும் சிவப்புப் பெயிண்டில் முக்கி வைத்திருப்பான். இருட்டில் டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரியும். "பெர்னி ஒருநாள் ஈரத்துணியாலயே உன்னைய அடிப்பா," என்று ரீஜிஸ் வருஷம் தவறாமல் கேலி செய்வான்.

வெளி மாநிலத்தானுக்கு அயோவாவில் வேட்டை அனுமதி அவ்வளவு சுலபமில்லை. வருஷத்துக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேர்க்க வேண்டும். பல வருஷம் சேர்ந்தால்தான் குலுக்கலில் பெயர் வரும். ஒருமுறை அனுமதி கிடைத்துவிட்டால் புள்ளியெல்லாம் போய்விடும், திரும்ப அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும். இருவரும் சேர்ந்தே சேர்த்தார்கள். போனால் சேர்ந்து போவது என்று பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மார்சியின் சமையலறை மேசை அயோவாவாகிவிடும். வரைபடத்தை விரித்து உப்பு ஜாடியை ஒரு மூலையிலும் குதிரைமுள்ளங்கித் துவையலை மறு மூலையிலும் வைப்பார்கள். எந்த வாசலில் வண்டி நிறுத்துவது, எந்தக் காற்றுக்கு எந்த வழி, எவன் குளிர்பெட்டி கொண்டு வருவது, எவன் கத்தி. தலையோடும் முதுகெலும்போடும் மானை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர முடியாது, நோய் பரவும் என்று தடை. அதனால் அங்கேயே எலும்பெடுக்க வேண்டும். அதை எங்கே, யார் செய்வது என்பதுவரை பேசுவார்கள்.

"நம்ம தேன்நிலவுக்கு இதுல கால்வாசி யோசிச்சியா நீ?" என்பாள் மார்சி, உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைத் தட்டில் போட்டுக்கொண்டே.

"தேன்நிலவுக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சா என்ன மார்சி?" என்பான் வெர்ன்.

புள்ளிகள் போதுமென்று ஆன வருஷம் வந்தது. விண்ணப்பிக்கும் மாதத்தில் வெர்ன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"இந்த வருஷம் வேணாம்டா. முட்டி மடங்கவே மாட்டேங்குது. மரம் ஏற முடியாது. அடுத்த வருஷம் பாப்போம்."

ரீஜிஸுக்கு ஏமாற்றம்தான். அவன் வலது தோளும் அப்போதே வலி கொடுக்க ஆரம்பித்திருந்தது. பேருந்துக்கு அடியில் படுத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஸ்பானர் பிடித்த தோள். ஆனாலும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. "போறதுன்னா சேந்துதான். உன் முட்டி சரியாகட்டும்," என்று சொல்லிவிட்டு, அந்த வருஷத்துக்குப் புள்ளியை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தான்.

அந்த நவம்பரில் வெர்ன், ஒஹாயோவில் இருக்கும் அக்காளுக்கு வீட்டுக்கூரை ஒழுகுகிறது, போய்ச் சரி செய்து கொடுக்கிறேன் என்று ஒரு வாரம் போனான். முட்டி மடங்காதவன் கூரை மேல் எப்படி ஏறுவான் என்று ரீஜிஸுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாது. நம்புகிறவனுக்குக் கணக்குப் பார்க்க வராது. நண்பன் ஊரில் இல்லையே என்று, வலிக்கிற தோளோடு ஏணி போட்டு வெர்ன் வீட்டுக் கூரையோர மழைநீர்க் கால்வாயில் அடைத்திருந்த இலையை அள்ளிப் போட்டான். பெர்னி கண் கலங்கிவிட்டாள். "ரீஜிஸ், உன் மனசு யாருக்கும் வராது," என்றாள். இலை அள்ளினதற்கு இவ்வளவா என்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வெர்ன் ஒரு கட்டு மான் சாசேஜ் கொண்டு வந்து கொடுத்தான். ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் அடித்த பெட்டை மான், தானே புகை போட்டது என்றான். கடுகு முழுசாகத் தெரிய, ஆப்பிள் மரப் புகை வாசனையோடு, அப்படியொரு ருசி.

"சோளம் தின்னு வளந்த மான் மாதிரி இருக்குதேடா! நம்ம ஊர் மான் மரப்பட்டையில்ல திங்கும்?"

"உன் நாக்குக்கும் அயோவாப் பைத்தியம் புடிச்சுடுச்சு," என்று வெர்ன் சிரித்தான்.

இந்த வருஷ வசந்தத்தில் டாக்டர் தோளைப் பார்த்துவிட்டு, தசைநார் கிழிந்திருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார். அறுத்தபின் கரண்டி தூக்கலாம், வில்லின் நாணை இழுக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்றார். ரீஜிஸ் வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சியதில்லை. அன்று கெஞ்சினான்.

"நவம்பர் முடியட்டும் டாக்டர். ஒரே ஒரு நவம்பர்."

அனுமதி வந்தால் டிசம்பர், வராவிட்டால் அக்டோபருக்கு மேல் ஒருநாளும் தள்ளமாட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

ஆகையால் இந்தத் தடவை விளையாட்டில்லை. வெர்ன் முட்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேசையில் உட்கார்ந்தவன் நெளிந்தான்.

"தனித்தனியாப் போடலாமேடா. கூட்டா எதுக்கு?"

"என்னடா பேச்சு இது? தனியாப் போட்டு எனக்குக் கெடச்சு உனக்குக் கெடைக்கலேன்னா? நான் மட்டும் போய் அந்த மரத்துல உக்காந்தா எனக்குச் சோறு இறங்குமா?"

கூட்டாகப் போட்டால் இருவர் புள்ளியையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஒருவன் கை வெறுங்கை என்றால் மற்றவனையும் கீழே இழுத்துவிடும். ரீஜிஸுக்கு அது தெரியும். இருவரிடமும் சமமாக இருக்கிறது, பிறகென்ன பயம்? வெர்ன் வாயைத் திறக்க அதுதான் சமயம். அவன் கொழுக்கட்டையைப் பார்த்துக்கொண்டு, "சரி, உன் இஷ்டம்," என்றான். மார்சி அவனுக்கு இன்னும் இரண்டு வைத்தாள்.

ஜூனில் முடிவு வந்தது. கிடைக்கவில்லை.

ரீஜிஸ் பட்டறைக் கதவைச் சாத்தினான். பிறகு என்ன செய்தான் தெரியுமா? வெர்ன் வீட்டுக்குப் போய் அவனைத் தேற்றினான். "இந்த வருஷம் கூட்டம் அதிகமாம்டா. நம்ம அதிர்ஷ்டம் அவ்வளவுதான். உனக்கு இன்னும் தோள் இருக்கு, இன்னொரு வருஷம் நீ போய்ட்டு வா. நான் படம் பாத்துக்கறேன்." வெர்ன் குனிந்த தலை நிமிரவில்லை. பாவம், எனக்காக வருத்தப்படுகிறான் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

அறுவைக்கு முன்னால் அந்த மரத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஜூலையில் தனியாகக் கிளம்பினான். வெர்ன் வரமாட்டேன் என்றுவிட்டான். குளிர்பெட்டியில் ரொட்டியும், உறைபெட்டியில் மிச்சமிருந்த சாசேஜில் ஒன்றும் எடுத்துக்கொண்டான்.

காடு பச்சையாக அடைத்துக் கிடந்தது, கொசு பிடுங்கியது. ஓக் அப்படியே இருந்தது. அடியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்து, சாசேஜை வெட்டி ரொட்டியில் வைத்துத் தின்றான். அடுத்த ஜென்மத்தில் பார்ப்போம் என்று மரத்தோடு பேசினான். பக்கத்தில் புல்லுக்குள் வெளுத்த எலும்பு கொஞ்சம் கிடந்தது, நரி இழுத்துப்போட்ட மிச்சம். முழங்காலோடு கத்தியால் வெட்டின மான் கால் ஒன்றும் கிடந்தது. எவனோ அதிர்ஷ்டக்காரன் அடித்திருக்கிறான், பொது நிலம்தானே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தான்.

எழுந்தபோது, கண் மட்டத்தில், ஒரு கிளையில் அது தெரிந்தது. மரக் கிளிப். வெயிலில் வெளுத்திருந்தாலும் தலை சிவப்பு.

முதலில் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது என்றால் நம்புவீர்களா? அன்றைக்கு வந்தபோது வெர்ன் ஒன்றை மறந்துவிட்டான் போல, கொண்டுபோய்க் கொடுத்து கேலி செய்யலாம் என்று கையை நீட்டினான். நீட்டின கை பாதியில் நின்றது. அன்று மாட்டியது எல்லாம் நுழைகிற வழியில்தான். ஓக் மரத்தில் எதுவும் மாட்டவில்லை. ஓக் ரீஜிஸின் மரம். வெர்னின் மரம் ஓடைக்கு அந்தப் பக்கம்.

இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டே கிளிப்பைக் கழற்றிக்கொண்டு வண்டிக்கு நடந்தான். பக்கத்துச் சிற்றூரில், வேட்டைக்காரர்களுக்கு மான் கறி வெட்டிக் கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. பெட்டிக்குப் பனிக்கட்டி வாங்க உள்ளே போனான். கடைக்கார அம்மா வண்டியின் எண் பலகையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தட்டிலிருந்த சாசேஜ் துண்டு ஒன்றைக் குச்சியில் குத்தி நீட்டினாள்.

"பென்சில்வேனியாவா? தின்னு பாருங்க. எங்க கைப்பக்குவம்."

கடித்தான். கடுகு. ஆப்பிள் மரப் புகை. இன்னும் அவன் பல்லிடுக்கில் மிச்சமிருந்த அதே ருசி.

"போன நவம்பர்லயும் உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்தாரு," என்று அவள் பாட்டுக்குப் பேசினாள். "ஒரு கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பாரு. ஓடை வளைவுல ஒரு ஓக் மரமாம், ஏறி உக்காந்த முதல் காலையிலயே மான் விழுந்துச்சாம். அம்மாடி, அது கொம்பா? இந்த நிலைப்படில நுழையல. தலைய இங்கயே வேகவச்சு எலும்பா எடுத்துக்கிட்டுப் போனாரு. கறி மொத்தத்தையும் சாசேஜ் போடச் சொல்லிட்டாரு. சிநேகிதனுக்குக் குடுக்கணும்னாரு. நல்ல மனுஷன்."

ரீஜிஸ் பனிக்கட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தான். வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, தின்றதை எல்லாம் வாந்தியெடுத்தான்.

அப்புறம்தான் மற்றது உறைத்தது. போன வருஷம் வெர்ன் வேட்டைக்கு வந்திருந்தால் அவன் புள்ளி அத்தனையும் போயிருக்கும். இந்த வருஷம் மேசையில் உட்கார்ந்தபோது வெறுங்கை. வண்டியில் உட்கார்ந்தபடியே வேட்டைத் துறைக்குப் போன் போட்டுக் கேட்டான். தனியாகப் போட்டிருந்தால் உங்களுக்குக் கட்டாயம் கிடைத்திருக்கும் ஐயா, கூட இருந்தவரிடம் புள்ளி எதுவும் இல்லையே என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். கூடவே இருந்து குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறான். தன்னுடைய சமையலறையில், தன் பெண்டாட்டி கையால் தின்றுகொண்டே ஒருவன் பறிப்பான் என்று அவன் நினைத்ததில்லை. ஊர் வரும்வரை ரேடியோகூடப் போடவில்லை.

நேரே வெர்ன் வீட்டுக்குத்தான் போனான். கொல்லையில் பெர்னி துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் திறந்து காட்டினான்.

"ஐய, என் கிளிப்! எங்கேருந்து எடுத்துட்டு வந்த?"

"அயோவாலேருந்து."

"ஓ, மரத்தப் பாக்கப் போனியா?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள். "ரீஜிஸ், எனக்கு இப்பவும் மனசு கேக்கல. உனக்குத் தோள் போயிடுச்சுன்னு அந்த எடத்தையே இவருக்கு விட்டுக் குடுத்தியே. மன்றத்துல எல்லாருக்கும் அதான் பேச்சு. உன்கிட்ட நேர்ல கேட்டா சங்கடப்படுவன்னு இவர்தான் யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னாரு."

அப்படியா சங்கதி! ஊரே தெரிந்து வைத்திருந்தது. குளிர்காலம் முழுக்க மன்றத்தில் ஆளாளுக்கு முதுகில் தட்டினது அதற்குத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையும் வெர்ன் அவனுக்கே ஊட்டியிருக்கிறான்.

கதவு திறந்து வெர்ன் வந்தான். கிளிப்பைப் பார்த்தான். பெர்னி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"அது பொது நிலம்தானே, ரீஜ்," என்றான் வெர்ன்.

"ஆமா. பொது நிலம்."

"எப்பவும் நீதான்டா நல்ல மரத்துல. முப்பது வருஷமா நான் அந்தப் பக்கம் உக்காந்து உன் மானைத்தான் இழுத்திருக்கேன். ஒரு தடவை, ஒரே தடவை அந்த மரத்துல நான் உக்காரணும்னு..."

"கேட்டிருந்தா எறங்கிக் குடுத்திருப்பேனேடா!" ரீஜிஸ் கத்தினான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவன் கத்தி அந்தத் தெரு கேட்டதில்லை. "நீ போனத விடு. அடிச்சத விடு. அந்த மானையே எனக்குத் திங்கக் குடுத்தியே, அதையும் விடு. மே மாசம் என் மேசையில உக்காந்திருந்தியே வெர்ன். என் தோளப் பத்தித் தெரியும். இதான் கடைசின்னு தெரியும். 'நீ தனியாப் போடுடா'ன்னு அழுத்தி ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரலியா?"

"சொன்னேன்ல..."

"காரணத்தச் சொன்னியா?"

வெர்ன் வாசற்படியில் உட்கார்ந்தான். "கொம்ப நீயே வச்சுக்கடா," என்று கடைசியில் முனகினான். "அடுத்த வருஷம் நான் கூட வந்து..."

"அடுத்த வருஷம் எனக்குத் தோளு ஏதுடா?"

கிளிப்பைத் துணிக்கொடியில், பெர்னியின் துண்டுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு ரீஜிஸ் வீட்டுக்குப் போனான். மார்சியிடம் எல்லாம் சொன்னான். அவள் உறைபெட்டியைத் திறந்து, மீதியிருந்த சாசேஜ் முழுவதையும் குப்பையில் கொட்டினாள். கொட்டிவிட்டுத்தான் அழுதாள்.

அக்டோபரில் தோளை அறுத்தார்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை, வலது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்க, இடது கையால் சூப் குடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். வெளியே உறைபனி, மேற்குக் காற்று. காட்டில் இருக்க வேண்டிய காலை என்று அவனுக்கும் மார்சிக்கும் தெரிந்தது.

மேசையில் போன் அடித்தது. கல்லறைப் பக்கம் எங்கேயோ ஒரு மான் விழுந்திருக்க வேண்டும். இழுக்க ஆள் வேண்டும். திரையில் வெர்ன் பெயர் இருந்தது. ரீஜிஸ் கரண்டியைக் கீழே வைத்தான், பழக்கத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பாதி எழுந்தும்விட்டான். அப்புறம் உட்கார்ந்தான். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"யாரு?" என்று அடுப்பருகிலிருந்து மார்சி கேட்டாள்.

"யாரோ. தெரியாத ஆளு."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடது கையால் கரண்டியை எடுத்தான்.